முன் வீல் ஹப்: சத்தம், ஆட்டம், சூடு, கிரீஸ் கசிவு... எதற்கு எங்கே கை வைப்பது?

ஷெட்டுக்குள் வண்டியை விட்டு இறங்கும் டிரைவர் சொல்வது ஒரே வரிதான். "அண்ணா, முன்னாடி வீல்ல ஏதோ சத்தமுங்க." மீதியை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். எந்தப் பக்கம்? லோடிலா, காலி வண்டியிலா? நேர் ரோட்டிலா, வளைவிலா? பிரேக் பிடித்தால் கூடுகிறதா, குறைகிறதா? இதைக் கேட்காமல் ஸ்பேனரை எடுத்தால், நல்ல பேரிங்கை மாற்றிவிட்டு, தேய்ந்த கிங் பின்னை (முன் வீல் இடம் வலம் திரும்ப அச்சாக நிற்கும் தண்டு) அப்படியே விட்டு அனுப்பிவிடுவோம். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி வேலை பார்க்கிற யாருக்கும் இது புதிதல்ல. நானும் அப்படி அனுப்பியவன்தான்.

இங்கே எழுதுவது லாரி, பஸ் முன் ஆக்சிலில் கிரீஸ் போட்டு ஓட்டும் டேப்பர் ரோலர் பேரிங் ஹப்புக்கு, அதாவது வீலைத் தாங்கிச் சுற்றும் நடுக் குடத்துக்கு. ஆயில் நிரப்பி ஓடும் ஹப்புக்கும், மொத்தமாக சீல் செய்து ஒரே யூனிட்டாக வரும் ஹப்புக்கும் இதில் பாதி பொருந்தாது. யூனிட் ஹப்பைப் பிரித்து கிரீஸ் போட முயலாதீர்கள், முழுசாக மாற்றுவதுதான் வேலை.

உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை மனதில் ஓட்டிக்கொள்ளுங்கள். ஹப் ஏறிச் சுற்றும் தண்டுதான் ஸ்டப் ஆக்சில். அதில் கிங் பின் பக்கம் பெரிய பேரிங், வெளிப்பக்கம் சின்ன பேரிங். ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு: ரோலரோடு இருக்கிற கோன், ஹப்புக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும் கப். பெரிய பேரிங்குக்குப் பின்னால் ஆயில் சீல். சின்னதற்கு முன்னால் வாஷர், நட்டு, லாக், அதன் மேல் ஹப் கேப். கோன் ஸ்டப் ஆக்சிலில் கையாலேயே ஏற வேண்டும். கப் ஹப்புக்குள் தட்டினால்தான் இறங்க வேண்டும். இந்த இரண்டும் இடம் மாறியிருந்தால், அதாவது கப் கையோடு கழன்று வந்தால், உங்கள் பிரச்சினை பேரிங் அல்ல, ஹப். அதைக் கீழே சொல்கிறேன்.

அறிகுறி: ஓடும்போது உறுமல்

வேகம் கூடக் கூட "ஊங்" என்று ஏறி, வேகம் குறைந்தால் இறங்கும் சத்தம். முதலில் டயரைச் சந்தேகப்படுங்கள். டயர் சத்தம் தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு ஏறினதும் மாறும், பேரிங் சத்தம் மாறாது. அடுத்தது வளைவு. இடது பக்கம் வளைத்தால் பாரம் வலது வீலுக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் வலது வீலைப் பாருங்கள், எதிர்ப்பக்கமும் அப்படியே.

ஷெட்டில் வந்ததும் பின் வீலுக்குக் கட்டை போட்டு, முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, உடனே ஸ்டாண்டு வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி டிரம்முக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். ஸ்லாக் அட்ஜஸ்டரை (பிரேக் லைனருக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் கை) தளர்த்திவிட்டுத்தான் வீலைச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் லைனர் உரசும் "ஸ்ஸ்" சத்தம் எல்லாவற்றையும் மூடிவிடும். நீளமான ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, நுனியை ஸ்டப் ஆக்சில் பக்கம் ஊன்றி, பையனை வீலைச் சுற்றச் சொல்லுங்கள். நல்ல பேரிங் கிட்டத்தட்ட மௌனமாக இருக்கும். போனது மணலை அம்மியில் அரைக்கிற மாதிரி கரகரக்கும்.

அறிகுறி: வீலில் ஆட்டம்

வீலைத் தூக்கிய நிலையில் டயருக்கு அடியில் கடப்பாரையை விட்டு மேலே நெம்புங்கள். ஆட்டம் தெரிகிறதா? அடுத்ததாக, ஏர் பிரேக்குக்குக் காற்று ஏறிய வண்டியில் ஒருவரை உட்கார வைத்துக் கால் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி நெம்புங்கள். பிரேக் பிடித்தால் டிரம்மும் ஸ்டப் ஆக்சிலும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். ஆட்டம் மறைந்துவிட்டால் அது பேரிங். அப்படியே இருந்தால் கிங் பின் அல்லது புஷ். பக்கவாட்டில், டயரின் முன்னும் பின்னும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்டை (இரண்டு முன் வீலையும் இணைக்கும் தடியின் முனை மூட்டு) பாருங்கள். ஹேண்ட் பிரேக் போட்டுப் பார்ப்பது இங்கே உதவாது, அது பின் வீலைத்தான் பிடிக்கும்.

இந்த இடத்தில்தான் பெரிய தப்பு நடக்கிறது. ஆட்டம் இருக்கிறது என்று ஹப் கேப்பைக் கழற்றி நட்டை ஒரு இழு இழுத்து, "சரியாப் போச்சு" என்று அனுப்பிவிடுவது. தேய்ந்த பேரிங்கை இறுக்கினால் ஆட்டம் மறையும், தேய்மானம் மறையாது. வழியில் ஒரு கடையில் அப்படி இறுக்கிவிட்ட வண்டி ஒன்று என்னிடம் இழுத்துக்கொண்டு வரப்பட்டது. கோன் நீலம் பாய்ந்து ஸ்டப் ஆக்சிலோடு ஒட்டியிருந்தது. கட்டிங் வீல் வைத்து அறுத்துத்தான் எடுத்தோம். முன்னூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஸ்டப் ஆக்சிலுக்கே செலவு வைத்த வேலை.

அறிகுறி: ஹப் சுடுகிறது

கையை வைத்துப் பார்க்காதீர்கள், தோல் போய்விடும். பழைய டிரைவர்கள் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார்கள். சுர்ரென்று கொதித்தால் நூறு டிகிரியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். இப்போது தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி சல்லிசாகக் கிடைக்கிறது, ஒன்று வாங்கி வையுங்கள். ஒரே தூரம் ஓடிய வண்டியில் இரண்டு முன் ஹப்பையும் அடித்துப் பாருங்கள். ஒற்றை எண்ணைவிட இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம்தான் பேசும். பிறகு டிரம்மையும் ஹப் கேப்பையும் தனித்தனியாகப் பாருங்கள். டிரம் கொதித்து, ஹப் நடு அதைவிடக் குறைவாக இருந்தால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. நடுவே அதிகம் சுட்டால் பேரிங்.

தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வண்டி தொப்பூர் கணவாய் இறங்கி வந்து நின்றால் எல்லா ஹப்பும் சுடத்தான் செய்யும். அது பிரேக் சூடு. கீர் போட்டு இறங்காமல் பிரேக்கிலேயே இறங்கியவர்களுக்கு இன்னும் அதிகம். அந்தச் சூட்டில் சாதாரண லித்தியம் கிரீஸ் தளர்ந்து சீல் வழியாக லைனருக்கு வந்துவிடும். சாதாரண லித்தியம் கிரீஸ் உருகிச் சொட்ட ஆரம்பிப்பது 180, 190 டிகிரி வாக்கில். லித்தியம் காம்ப்ளெக்ஸ் 250 டிகிரிக்கு மேலும் தாங்கும். கணவாய் ரூட்டில் ஓடும் வண்டிக்கு நான் காம்ப்ளெக்ஸ் தவிர வேறு போடுவதில்லை.

பேரிங்கே சுடுவதற்கு மூன்று காரணம்: நட்டு அதிக இறுக்கம், கிரீஸ் பற்றாமை, கிரீஸ் அதிகம். மூன்றாவதைச் சொன்னால் ஓனர்கள் நம்ப மாட்டார்கள். "நெறைய அடிச்சா நல்லதுதானுங்களே?" இல்லை. ஹப்புக்குள் இடமே விடாமல் கிரீஸை அடைத்தால், ரோலர் அதைக் கடைந்துகொண்டே இருக்கும். மோரைக் கடைந்தால்கூடக் கை சூடாகும். அந்தச் சூட்டில் விரியும் கிரீஸ் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

அறிகுறி: வீல் உள்பக்கம் கிரீஸ், பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது

கிரீஸ் பட்ட லைனர் பிடிக்காது, அதனால் வண்டி எதிர்ப்பக்கம் இழுக்கும். இடது பக்கம் இழுக்கிறது என்றால் வலது டிரம்மைத் திறந்து பாருங்கள். சிலர் லைனரைப் பெட்ரோலில் கழுவி, கொளுத்தி, உப்புத்தாள் போட்டு மாட்டுவார்கள். மேலே காய்ந்த மாதிரி தெரியும், ஒரு பிரேக் அடித்ததும் உள்ளே ஊறியது திரும்ப மேலே வரும். லைனரை மாற்றுங்கள், அதுவும் இரண்டு பக்கமும் ஜோடியாக. லைனர் தூசியைக் காற்று அடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குப் போனால் திரும்பாது.

சீல் போனதற்குக் காரணம் தேடாமல் புது சீல் அடிப்பது வீண். ஒரே வண்டிக்கு ஒரே பக்கம் மூன்று முறை சீல் மாற்றியிருக்கிறேன். மூன்றாம் முறைதான் உறைத்தது. ஸ்டப் ஆக்சிலில் சீல் உதடு உட்காரும் தோளைத் துடைத்துவிட்டு நகத்தால் நீளவாக்கில் வருடினேன். நகம் ஓரிடத்தில் தட்டி நின்றது. பழைய சீல் உதடு வருஷக்கணக்கில் ஓடி அங்கே மோதிரம் மாதிரி ஒரு வரிப் பள்ளம் போட்டிருக்கிறது. புது உதடும் அதே பள்ளத்தில் போய் விழுகிறது, பிறகு எப்படிப் பிடிக்கும்? சீல் உட்காரும் அந்த இடம் தனியாகப் போட்ட வளையமாக இருந்தால் அந்த வளையத்தை மாற்றலாம். இல்லாவிட்டால் மெல்லிய ஸ்லீவ் ஏற்றலாம். பள்ளத்தை அப்படிச் சரி செய்த பிறகு அந்தப் பக்கம் கிரீஸ் வரவில்லை.

இன்னொரு காரணம் தண்ணீர். ஓடிச் சூடான ஹப், ஐப்பசி கார்த்திகையில் தரைப்பாலத்து வெள்ளத்தில் இறங்கினால் சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் குழாயை சீலுக்கு நேராகப் பிடித்தாலும் இதே கதை. கழற்றும்போது கிரீஸ் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. அந்த கிரீஸ் ஒரு துளிகூட உள்ளே இருக்கக்கூடாது.

அறிகுறி: ஏபிஎஸ் விளக்கு அணையவில்லை

ஏபிஎஸ் என்பது பிரேக் அடிக்கும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு. ஹப்பில் உள்ள பல் வளையத்தைப் பார்த்து அதன் சென்சார் வீல் வேகத்தை அளக்கும். பேரிங் வேலை முடிந்த கையோடு விளக்கு எரிந்தால் சென்சாரை வாங்க ஓடாதீர்கள். ஹப்பை ஏற்றும்போது சென்சார் பின்னால் தள்ளப்பட்டிருக்கும், அல்லது பல் வளையத்தில் கிரீஸும் இரும்புத் தூளும் அப்பியிருக்கும். துடைத்துவிட்டு, சென்சாரைக் கையால் பல் வளையத்தில் படும் வரை அழுத்துங்கள். வீல் சுற்றும்போது தேவையான இடைவெளியை அதுவே எடுத்துக்கொள்ளும். வேலை பார்க்காத வண்டியில் விளக்கு வந்து வந்து போனால் பேரிங் ஆட்டத்தையும் பாருங்கள். ஆடும் ஹப் சென்சாரைத் தள்ளிக்கொண்டே போகும்.

அறிகுறி: புது பேரிங் போட்டும் மறுபடி போகிறது

இதற்குத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். கழற்றிய பேரிங்கை ஆக்கர் கடைக்காரனுக்குப் போடுவதற்கு முன் டீசலில் கழுவி, வெயிலில் பிடித்துப் பாருங்கள். எது எந்தப் பக்கம், எது உள்ளே, எது வெளியே என்று சாக்பீஸால் எழுதி வைத்துவிட்டுப் பாருங்கள்.

நீலமோ வைக்கோல் நிறமோ பாய்ந்திருந்தால் சூடு. ரோலர் இருக்கும் இடைவெளிக்கே கப்பில் வரிசையாகப் பள்ளம் இருந்தால் இடி: குழியில் லோடோடு விழுந்தது, அல்லது சுத்தியலால் கோன் மேல் அடித்து ஏற்றியது. துருப் புள்ளியும் கருங்கறையும் தண்ணீர். ஓட்டமே இல்லாத இடத்தில், ரோலர் நின்ற கோட்டில் கருகிய புள்ளி இருந்தால் வெல்டிங். பாடி கட்டும்போது எர்த் கிளாம்ப்பை வீலிலோ டிரம்மிலோ மாட்டிவிட்டால் கரண்ட் பேரிங் வழியாகப் போகும். எர்த்தை வெல்டிங் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். நம் ஊரில் பாடி கட்டாத வண்டி ஏது?

அடுத்தது நுணுக்கம். முன் வீலில் கோன் நிற்கிறது, கப் சுற்றுகிறது. அதனால் கோனில் கீழ்ப்பாதி மட்டும் தேய்ந்து செதில் உரிந்திருந்தால் அது நாள்பட்ட பாரத் தேய்மானம், யார் மேலும் குற்றமில்லை. கப் அப்படியில்லை, சுற்றிலும் சமமாகத் தேய வேண்டும். கப்பில் எதிரெதிராக இரண்டு இடத்தில் மட்டும் அடையாளம் இருந்தால் ஹப் துளை வட்டம் கெட்டிருக்கிறது. ரோலர் ஓடிய பட்டை ஒரு பக்கம் மேலேயும் மறு பக்கம் கீழேயும் சாய்ந்திருந்தால் கப் அடியில் மண்ணோ பிசிறோ இருந்து, முழுசாக உட்காரவில்லை. கப்பின் முதுகு கண்ணாடி மாதிரி மினுங்கினால் அது ஹப்புக்குள் சுற்றியிருக்கிறது. அதற்கு ஹப் துளையில் சென்டர் பஞ்சால் புள்ளி குத்தி இறுக்கி அனுப்புகிறவர்கள் உண்டு. அந்தப் புள்ளிகளின் நுனியில் எவ்வளவு நாள் பாரம் நிற்கும்? ஹப்பை மாற்றுங்கள்.

கோன் மட்டும் புதிது, கப் பழையது என்று கலப்பதும் இதே வரிசையில்தான் வரும். ஜோடியாகவே மாற்றுங்கள். பெட்டியில் அச்சு மங்கலாக இருக்கிற, எடை குறைந்த பேரிங்கைப் பாதி விலைக்குத் தந்தால் வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள்.

வேலை: கழற்றுவது

வீல் நட்டில் சில வண்டிகளுக்கு இடது பக்கம் இடமரை, வழக்கத்துக்கு எதிர்த்திசையில்தான் கழலும். ஸ்டட்டில் எழுத்து இருக்கிறதா என்று பார்க்காமல் நாலடிக் குழாயை மாட்டித் தொங்கினால் ஸ்டட் உடையும். ஹப்போடு டிரம்மும் சேர்ந்து வரும்போது பாரம் அதிகம், டிராலியோ இரண்டாவது ஆளோ இல்லாமல் இழுக்காதீர்கள். வெளி கோன் தானாக நழுவிக் கீழே விழும், முதலில் அதை எடுத்துக்கொள்ளுங்கள். இழுக்கும்போது ஹப்பின் எடை ஸ்டப் ஆக்சில் மரையில் உரசினால் அந்த மரை போய்விடும்.

பழைய கப்பை ஹப்பில் உள்ள வெட்டு வழியாக மாற்றி மாற்றித் தட்டி எடுங்கள். வரவே வராத கப்பின் உள்பக்கம் ஒரு வரி வெல்டிங் ஓட்டினால், ஆறியதும் சுருங்கித் தானாக விழும். இரும்பு ஹப்பில் மட்டும் இதைச் செய்யுங்கள், அலுமினியத்தில் வேண்டாம்.

கழுவிய பேரிங்கைக் காற்றுக் குழாயால் சுற்றவிடுவது பையன்களுக்குப் பெரிய விளையாட்டு. சைரன் மாதிரி சத்தம் வரும். நானும் அந்த வயதில் செய்தேன். கிரீஸ் இல்லாத பேரிங் அந்த வேகத்தில் சிதறினால் ரோலர் முகத்துக்குத்தான் வரும். சுற்றாமல் பிடித்துக்கொண்டு ஊதுங்கள்.

வேலை: ஏற்றுவது

புது கப்பைச் சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டுங்கள், பித்தளை டிரிஃப்டால் (தட்டும் கம்பி) அல்லது பழைய கப்பைத் தேய்த்துச் சிறிதாக்கிய வளையத்தால். இறங்கிக்கொண்டிருக்கும்போது "ணங் ணங்" என்று ஒலிக்கும். அடியில் உட்கார்ந்ததும் "டொக்" என்று மாறும். அந்த மாற்றத்தைக் காது பிடித்துவிட வேண்டும். பிடித்த பிறகும் 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜை அடியில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் இன்னும் இறங்கவில்லை.

கிரீஸை உள்ளங்கையில் எடுத்து, கோனின் பெரிய வாய்ப் பக்கத்தால் வழித்து வழித்து அழுத்துங்கள். ரோலர் இடுக்கு வழியாக எதிர்ப்பக்கம் புழுப் புழுவாகப் புது கிரீஸ் வர வேண்டும், சுற்று முழுக்க. ஹப் உள் அறையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போதும். கெட்டித்தன்மையில் 2ஆம் நம்பர் வீல் பேரிங் கிரீஸ் போடுங்கள். பழையதோடு புது ரகத்தைக் கலக்காதீர்கள். நிறம் ஒன்றாக இருந்தால் ரகம் ஒன்று என்று அர்த்தமில்லை.

சீலில் சுருள் ஸ்பிரிங் இருக்கும் பக்கம் கிரீஸ் பக்கமாகப் பார்க்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, மேலே தட்டையான பிளேட் வைத்துச் சமமாக இறக்குங்கள். ஒரு ஓரத்தில் சுத்தியலால் அடித்த சீல் அன்றைக்கே ஒழுகும்.

கடைசியில் நட்டு. வீலைச் சுற்றிக்கொண்டே இறுக்க வேண்டும். சுற்றினால்தான் ரோலர்கள் தன் இடத்தில் நேராக அமரும். நிற்க வைத்து இறுக்கினால் அமராத ரோலர் பொய்யாக இறுக்கம் காட்டும், பத்துக் கிலோமீட்டர் ஓடினதும் ஆட்டம் வரும். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவே முதல். அமெரிக்காவில் கனரக வண்டிகளுக்குச் சொல்லும் முறையின் வரிசை இது: சுற்றிக்கொண்டே 270 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கு, ஒரு முழுச் சுற்று விடு, மறுபடி சுற்றிக்கொண்டே 68 வரை இறுக்கு, அதன் பிறகு மரைக்கு ஏற்றபடி கால் சுற்று வாக்கில் திரும்ப விடு. எண் வண்டிக்கு வண்டி மாறும், இந்த இறுக்கு, விடு, மெல்ல இறுக்கு, கொஞ்சம் விடு என்ற வரிசை மாறாது.

முடிவில் ஹப்பை இழுத்துத் தள்ளினால் 0.025லிருந்து 0.125 மில்லிமீட்டர் வரை நகர வேண்டும். கையால் உணர முடியாத அளவு. நுண்ணிய அசைவையும் ஊசியால் காட்டும் டயல் கேஜின் காந்தத்தை ஹப் முகத்தில் ஒட்டி, ஊசியை ஸ்டப் ஆக்சில் நுனியில் நிறுத்திப் பாருங்கள். "இத்தனை வருஷம் கையிலயே பாத்தேன்" என்று பெருமை பேசிய என்னை டயல் கேஜ் முதல் நாளே வெட்கப்பட வைத்தது. சரி என்று நான் விட்ட ஹப்பில் ஊசி அசையவே இல்லை, அவ்வளவு இறுக்கம்.

ஸ்பிளிட் பின் ஓட்டை நேராக வராவிட்டால் நட்டை விட்டு நேராக்குங்கள், இறுக்கி அல்ல. பின்னும் லாக் வாஷரும் ஒவ்வொரு முறையும் புதிது. பழைய பின்னை நிமிர்த்தி மாட்டியது பெங்களூர் ரோட்டில் உடைந்தால் வீல் வண்டிக்கு முன்னால் ஓடும்.

ஸ்லாக் அட்ஜஸ்டரைச் சரி செய்து, வீல் நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, வண்டியைக் கீழே விட்டதும் டிரைவரிடம் ஒன்று சொல்லி அனுப்புவேன். ஐம்பதிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் டீக்கு நிறுத்தும்போது வீல் நட்டை மறுபடி ஒரு தரம் பிடிக்க வேண்டும், இரண்டு ஹப்பிலும் துப்பாக்கி அடித்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட வேண்டும். புது பேரிங் முதல் ஓட்டத்தில் கிரீஸ் பரவும் வரை கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெதுவெதுப்பா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். போன வாரம் ஒருவர் ஓமலூர் தாண்டி நிறுத்திக் கூப்பிட்டார். "இடது 52, வலது 54ங்கண்ணா. டீ குடிச்சுட்டுக் கெளம்பட்டுமா?"

"நட்டப் புடிச்சாச்சா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு டூல் பாக்ஸ் திறக்கும் சத்தம் கேட்டது.